சோதனையில் பெண்களைக் காணோமே!



இந்தப் பக்கத்தில் தோழிகள் மாமியார் சண்டையில் இருந்து கேஸ் விலை வரைக்கும் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவதைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா பேப்பருக்கு எழுதுவாங்க?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் பரவாயில்லை, மேலே படியுங்கள். விஷயம் சிறுநீர்ப்பையைப் பற்றியது. வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சிகள் பற்றியது. அந்த ஆராய்ச்சிகளில் நம்மை எப்படி விட்டுவிட்டார்கள் என்பதைப் பற்றியது.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் மாமியார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது அம்மிணி, நாலு பேருக்குப் பிரயோஜனப்பட்டால் சரி. பேரை மட்டும் போட்டுடாதே" என்றார்.

அத்தைக்கு வயது ஐம்பத்தெட்டு. மாதவிலக்கு நின்று எட்டு வருஷம் ஆகிறது. ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. முதல் நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டதால் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் நிறம் சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் சிவப்பு. "உடம்புச் சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்திருக்கிறார். இப்படியே நான்கு மாதம் போயிருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிற மருமகள் எனக்கே தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. துணி ஊறவைத்த வாளியில் கறையைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். "நீர்க்கடுப்பு, இன்ஃபெக்‌ஷன்" என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடியும் அதே மாத்திரை. "பொம்பளைங்களுக்கு இது சகஜம்மா" என்றார்கள். யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லவே இல்லை. மூன்றாம் முறை நான் பிடிவாதமாக வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பையின் உட்சுவரில் சின்னதாக ஒரு கட்டி. புற்றுநோய்தான். ஆனால் தசைக்குள் இறங்கவில்லை. அதே குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வாரம் ஒரு தடவை, ஆறு வாரம், நம் எல்லோர் கையிலும் தழும்பு போட்டிருக்கிறதே அந்த பி.சி.ஜி. மருந்தையே பைக்குள் செலுத்தினார்கள். 1976-ல் கனடாவில் டாக்டர் ஆல்வாரோ மொராலஸ் வெளியிட்ட வைத்திய முறையாம் அது. இப்போது அத்தை நன்றாக இருக்கிறார். இந்தக் கட்டி திரும்பத் திரும்ப வரக்கூடியது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி இரண்டு. "வீட்டில் யாராவது, நீங்களோ, பீடி சிகரெட் பிடிப்பீங்களா? சாயப்பட்டறை, தோல், ரப்பர் வேலை ஏதாவது பார்த்ததுண்டா?" அத்தை கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் சாயப்பட்டறையில் நூல் நனைத்தவர். "அதனால்தான் வந்தது என்று ஒருவருக்கு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்" என்றார் டாக்டர்.

இதுவொன்றும் புதுக் கதை இல்லை. 1895-லேயே ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டு எழுதியிருக்கிறார். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1997-ல்தான் நம் மத்திய அரசும் இப்படி ஆபத்தான பொருளாக உடையக்கூடிய பல சாயங்களுக்குத் தடை போட்டது. அதற்கு முன்னால் கை நனைத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் எத்தனை பேர் பெண்கள்! இந்த நோய் பல வருஷம் கழித்து வருவது என்பதால், அவர்கள் இப்போதுதான் பாட்டிகளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் என் மனதில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை பார்க்க வீட்டிலேயே ஸ்டிரிப் இருக்கிறது. கர்ப்பம் பார்க்க இரண்டு கோடு காட்டும் கிட் இருக்கிறது. சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்திருந்தால் அத்தைக்கு நான்கு மாதம் வீணாகியிருக்குமா? நர்சிங் படிக்கிற என் அண்ணன் மகளிடம் கேட்டேன். அவள் தேடிப் படித்துச் சொன்னதையும், டாக்டர் விளக்கியதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஸ்டிரிப் எப்போதோ வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பெண் என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி. அமெரிக்காவில் எல்க்கார்ட் என்ற ஊரில் மைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியல் நிபுணர் ஹெலன் ஃப்ரீ. அவரும் அவர் கணவர் ஆல்ஃபிரட் ஃப்ரீயும் சேர்ந்து, சிறுநீரில் நனைத்தவுடன் சர்க்கரையைக் காட்டும் ஸ்டிரிப்பை உருவாக்கினார்கள். 1956-ல் அது கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் டெஸ்ட் டியூபில் நீல நிற மருந்தோடு சிறுநீரை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, பச்சையா, மஞ்சளா, செங்கல் சிவப்பா என்று பார்க்க வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும். பிறகு ஒரே ஸ்டிரிப்பில் புரதம், ரத்தம் என்று பலவற்றையும் பார்க்கும்படி செய்தார்கள். ஹெலன் அம்மாள் 2021-ல் காலமானார். கர்ப்பமாக இருந்தபோது நமக்கு உப்பு, சர்க்கரை என்று பார்த்தார்களே, அதெல்லாம் இந்த வம்சத்து ஸ்டிரிப்தான்.

ரத்தம் பார்க்கும் முறை எளிது. ஸ்டிரிப் நுனியில் மஞ்சளாக ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சிறுநீரில் நனைத்து எடுத்துச் சுமார் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் இருந்தாலும் சதுரம் பச்சையாக மாறும். டப்பாவில் ஒட்டியிருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் யாரும் செய்துவிடலாம்.

இதை வைத்துப் பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல், ஸ்டிரிப்பை வீட்டுக்குக் கொடுத்து, "நீங்களே பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லும் ஆராய்ச்சி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் டாக்டர் எட்வர்ட் மெஸ்ஸிங் குழுவினர் 50 வயதைத் தாண்டிய 1,575 பேருக்கு இப்படிக் கொடுத்தார்கள். தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். ஏன் 14 நாள்? இந்தக் கட்டி தினமும் ரத்தம் விடாது. இன்று விடும், பத்து நாள் சும்மா இருக்கும். அத்தைக்கு நடந்ததும் அதுதானே! அந்த 1,575 பேரில் 21 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தெரியவந்தது. 14 வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த 21 பேரில் ஒருவர்கூட அந்த நோயால் இறந்திருக்கவில்லை. அதே மாநிலத்தில் சோதனை இல்லாமல் வழக்கம்போல் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் அந்த நோயாலேயே இறந்திருந்தார்கள். இந்த முடிவு 2006-ல் வெளியானது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்திலும் நடந்தது. 60 வயதைத் தாண்டிய 2,356 பேர் கலந்துகொண்டார்கள். 1992-ல் முடிவு வெளியானது. நெதர்லாந்தில் 1,747 பேர் வீட்டில் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது.

அண்ணன் மகள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தபோது நான் நடுவில் நிறுத்தி, "இதில் பொம்பளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டேன். அவள் திரும்பப் படித்துப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்லை அத்தை. மூணுமே ஆம்பளைங்க மட்டும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டிரிப்பைக் கண்டுபிடித்ததில் பெண் இருக்கிறார். சோதித்துப் பார்ப்பதில் பெண்ணைக் காணோம்!

உடனே கோபப்பட்டு எழுதிவிடக் கூடாது என்று டாக்டரிடம் காரணம் கேட்டேன். அவர் சொன்ன நியாயம் இது. இந்த நோய் ஒரு பெண்ணுக்கு வந்தால் மூன்று, நான்கு ஆண்களுக்கு வருகிறது. புகை பிடிப்பதுதான் முதல் காரணம். பாதி நோயாளிகளுக்கு அதுவே காரணம் என்கிறார்கள். ஆகவே ஆண்களைச் சோதித்தால் குறைந்த செலவில் அதிகம் பேரைக் கண்டுபிடிக்கலாம். மேலும் பெண்களுக்கு மாதவிலக்கு உண்டு, நீர்க்கடுப்பு அதிகம். ஸ்டிரிப் பச்சையானால் எதனால் என்று குழப்பம் வரும்.

நியாயம்தான். ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள் தோழிகளே. எந்தக் குழப்பத்துக்குப் பயந்து ஆராய்ச்சிக்காரர்கள் நம்மை விட்டார்களோ, அதே குழப்பம்தானே நம்மைக் கிளினிக்கிலும் ஏமாற்றுகிறது! பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் நாலு சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக ஏறும். கழிப்பறை வசதி இல்லாமல் அடக்கி வைப்பதும், அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நமக்குப் பழக்கம். அதனால் நீர்க்கடுப்பு நிஜமாகவே அதிகம். அதனாலேயே எந்தப் பெண் ரத்தம் என்று போனாலும் "நீர்க்கடுப்பு" என்று ஒரே பதில். ஒரு ஆண் போய்ச் சிறுநீரில் ரத்தம் என்று சொன்னால் டாக்டருக்கும் பயம், வீட்டுக்கும் பயம். பெண் சொன்னால் "சகஜம்". வெளிநாடுகளிலும் இதே கதைதானாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்த்ததில், ரத்தம் என்று போன பெண்களைச் சிறுநீர் நோய் நிபுணரிடம் அனுப்புவது ஆண்களைவிடக் குறைவு, அனுப்பினாலும் தாமதம். அதனால் நோய் வருவது நமக்குக் குறைவு என்றாலும், வந்தால் முற்றிய நிலையில் தெரிவதும், பிழைப்பது குறைவதும் நமக்குத்தான் அதிகம்.

சரி, அப்படியானால் எல்லாப் பெண்களும் ஸ்டிரிப் வாங்கி வைத்து தினமும் பார்க்கலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். ஆனால் பால் கணக்கு, மளிகைக் கணக்குப் போடுகிற கைக்கு இந்தக் கணக்கும் புரிகிறது. லீட்ஸ் ஆராய்ச்சியில் 2,356 பேரில் ஐந்தில் ஒருவருக்கு ஸ்டிரிப் நிறம் மாறியது. அதாவது 470-க்கும் மேல். புற்றுநோய் என்று தெரிந்ததோ 17 பேருக்கு. நெதர்லாந்தில் 1,747 பேரைச் சோதித்ததில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கிடைத்தது 4 பேருக்கு மட்டும். மற்றவர்களுக்கு எல்லாம் என்ன ஆகிறது? தூக்கம் போகிறது. ஸ்கேன் செலவு, குழாய் விட்டுப் பார்க்கிற சங்கடம் எல்லாம் வருகிறது. விஸ்கான்சின் முடிவு ஆசைகாட்டினாலும், அங்கே குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிடவில்லை. ஆகவே சோதனையால்தான் பிழைத்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவும் 2011-ல், நோய்க்குறி எதுவும் இல்லாத எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்யலாமா கூடாதா என்று சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் முடிவு சொன்னது.

"போதாது" என்றால் "வேண்டாம்" என்று அர்த்தம் இல்லை. இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதற்குத்தான் ஆராய்ச்சியில் ஆட்கள் சேர வேண்டியிருக்கிறது. ஆறுதலான விஷயம் என்னவென்றால், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில், ஷெஃபீல்ட் பல்கலைக்கழக மருத்துவர் ஜிம் கேட்டோ தலைமையில் 2022-ல் தொடங்கிய வீட்டுச் சிறுநீர்ச் சோதனை ஆராய்ச்சியில், 55 வயதைத் தாண்டி, புகை பிடிக்கும் அல்லது முன்பு பிடித்த ஆண்களோடு பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். யார்க்‌ஷயர் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை பணம் கொடுத்தது. எல்லோரையும் அழைக்காமல் ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டும் அழைத்தால், வீண் பயம் குறைந்து பலன் கூடுமா என்று பார்ப்பது அதன் நோக்கம்.

இப்படி ஒன்றில் சேர்கிறவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். தன் வீட்டுக் குளியலறையில் நின்று ஒரு ஸ்டிரிப்பை நனைத்து, உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதுகிறார். அவருக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். ஆனால் அவர் எழுதிய அந்த ஒரு வரி, முகம் தெரியாத இன்னொருத்திக்கு நாளை வழிகாட்டுகிறது. பெண்கள் யாரும் எழுதாவிட்டால், பெண்ணைப் பற்றிய பக்கம் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலிப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் நமக்கு "சகஜம்" என்று மாத்திரை எழுதுகிறார்கள். ஆகவே நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் இப்படி முறையான ஆராய்ச்சி எதற்காவது அழைத்தால், வெட்கப்பட்டு ஒதுங்காமல், விவரம் கேட்டு, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, நிறம் மாறினால் அடுத்த பரிசோதனை யார் செலவு என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு சேரலாம் என்பது என் கருத்து.

ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாத ஒன்றும் இருக்கிறது. ஸ்டிரிப்பில் மட்டும் தெரியும் ரத்தம் வேறு, கண்ணுக்குத் தெரியும் ரத்தம் வேறு. முதலாவதில்தான் யாருக்குச் சோதனை, எப்போது என்று நிபுணர்கள் யோசிக்கிறார்கள். இரண்டாவதில் யோசனையே இல்லை. சிறுநீரில் கண்ணுக்குத் தெரிந்து ரத்தம் போனால், ஒரே ஒரு தடவை போனாலும், வலியே இல்லாவிட்டாலும், அது தானாக நின்றுவிட்டாலும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வலி இல்லை என்பதை நாம் நல்ல செய்தி என்று நினைக்கிறோம். வலி இல்லாத ரத்தத்தைத்தான் விடவே கூடாது என்கிறார்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் பார்த்த தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்டால் "போன மாசம் எப்பவோ" என்று விழிக்க வேண்டாம். நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்தால், "யூரின் டெஸ்டில் கிருமி இருக்கிறதா பார்த்தீங்களா? மாத்திரை முடிந்ததும் ரத்தம் நின்றுவிட்டதா என்று மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு எந்தக் கறை பட்டாலும், அது சிறுநீரிலா, கர்ப்பப்பையிலா என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சாயம், தோல், ரப்பர் வேலை பார்த்திருந்தால், எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்றாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டு ஆண்களின் பீடி, சிகரெட்டை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணம் கிடைத்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் ஊழியர்கள் வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார்கள். அப்படி வீடு தேடி வருகிற பெண் ஒருத்தி, "சிறுநீரில் எப்பவாவது ரத்தம் பார்த்தீங்களாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். ஸ்டிரிப் வேண்டாம், மெஷின் வேண்டாம், செலவும் இல்லை. ஈரோடு, திருப்பூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று சாயமும் தோலும் சோறு போடுகிற ஊர்களில் முதலில் கேட்கட்டும். தானாகச் சொல்லாத பெண், இன்னொரு பெண் கேட்டால் சொல்லிவிடுவாள். என் அத்தையும் நான் வாளியைக் காட்டிக் கேட்ட பிறகுதானே சொன்னார்!

"சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்" என்பார்கள். போன வாரம் அத்தை, கூட சாயப்பட்டறையில் வேலை பார்த்த பழைய சிநேகிதிகள் இரண்டு பேரைத் தேடிப் போய், இந்த விஷயத்தைத் தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதில் ஒருத்தர், "எனக்கும் போன தீபாவளி சமயத்தில் ஒருதரம் வந்துச்சு" என்றாராம். திங்கள்கிழமை அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் இருக்கிற அம்மாவிடமோ, மாமியாரிடமோ, பாட்டியிடமோ நீங்களும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.